பூஞ்சை நோய்க்கான மாத்திரைகள்: எப்படித் தயாராகின்றன, எப்படிச் சாப்பிட வேண்டும்?



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் மனுக்களில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தோல் நோய்க்கான மனுக்களே அதிகம். அவற்றிலும் பெரும்பாலானவை படர்தாமரை. "இதுதானா, ஒரு களிம்பு தடவினால் போய்விடுமே" என்று பலரும் எண்ணுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தால் எங்கள் உதவித் திட்டத்திலேயே ஒரு தவறு நடந்தது. அதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒளிக்காமல் சொல்கிறோம்.

இந்த இதழின் பாடமாக, பூஞ்சை நோய்க்கு வாய்வழியாக உட்கொள்ளும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டுள்ளோம். எந்த நோய்க்கு எந்த மருந்து, அது தொழிற்சாலையில் எவ்வாறு உருவாகிறது, நம் வீட்டில் அதை எவ்வாறு கையாள வேண்டும் என்று மூன்று பகுதிகளாகப் பார்ப்போம். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவர் எழுதித்தரும் சீட்டை விளங்கிக்கொண்டு அதன்படி நடப்பதற்கான உதவி மட்டுமே.

1. பூஞ்சை என்பது என்ன?

ஊறுகாய் ஜாடியில் படியும் வெள்ளைப் பூசணம், மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூக்கும் பச்சைப் படலம் ஆகியவை நாம் அன்றாடம் காணும் பூஞ்சைகள். அந்த இனத்தைச் சேர்ந்த சில வகைகள் மனித உடலிலும் குடியேறுகின்றன. படர்தாமரை, கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண், நகம் மஞ்சளாகித் தடித்து உதிரும் நகச்சொத்தை, தேமல், குழந்தைகளின் தலையில் முடி கொட்டிச் செதில் உதிரும் தலைப் படை, வாயில் தயிர் ஒட்டியதுபோல் வரும் வெண்படலம், பெண்களுக்கு வரும் வெள்ளைப்படுதலில் ஒரு வகை ஆகியவை எல்லாம் பூஞ்சையால் வருபவை. நுரையீரலையும் மூளையையும் தாக்கும் கடுமையான வகைகளும் உண்டு. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நாடு முழுவதும் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை அத்தகையது.

இங்கே ஒரு அடிப்படைச் செய்தியை மனத்தில் வைக்க வேண்டும். பாக்டீரியா வேறு, பூஞ்சை வேறு. காய்ச்சலுக்கும் சளிக்கும் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் மிச்சம் இருப்பதைப் படர்தாமரைக்குச் சாப்பிட்டால் பயன் இல்லை. சில நேரம் தீமையும் உண்டு. நம் உடலில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்கால் குறையும்போது, வாயிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சை தலைதூக்குகிறது.

பாக்டீரியாவின் உயிரணு நம் உயிரணுவிலிருந்து மிகவும் மாறுபட்டது. ஆகவே நமக்குத் தீங்கில்லாமல் அதை அழிப்பது ஓரளவு எளிது. பூஞ்சையின் உயிரணுவோ அமைப்பில் நம் உயிரணுவுக்கு நெருக்கமானது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தாக்கிவிடக்கூடும். இதனால்தான் பூஞ்சை மருந்துகளின் எண்ணிக்கை குறைவு, எச்சரிக்கைகள் அதிகம்.

அறிவியலாளர்கள் கண்டறிந்த முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. நம் உயிரணுவின் உறையில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் உறையில் அந்த இடத்தில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. பூஞ்சை இந்த எர்கோஸ்டெராலைப் படிப்படியாகத் தயாரிக்கிறது. நடுவில் ஒரு படியைத் தடுத்துவிட்டால் உறை பலவீனமாகி, பூஞ்சை வளர முடியாமல் போகிறது, அல்லது மடிகிறது. இன்று நாம் சாப்பிடும் பூஞ்சை மாத்திரைகளில் பெரும்பாலானவை செய்வது இந்த வேலையைத்தான். டெர்பினாஃபின் தொடக்கப் படிகளில் ஒன்றைத் தடுக்கிறது. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் முதலிய 'அசோல்' குடும்ப மருந்துகள் அதற்குப் பிந்தைய படி ஒன்றைத் தடுக்கின்றன.

2. எந்த நோய்க்கு எந்த மருந்து?

நிஸ்டாடின்: மனிதருக்குப் பயன்பட்ட பூஞ்சை மருந்துகளில் முன்னோடி இது. 1950-இல் இதை அறிவித்தவர்கள் எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். இருவரும் அமெரிக்காவின் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்கள். ஒருவர் நியூயார்க் நகரில் இருந்தார், மற்றவர் ஆல்பனி நகரில் இருந்தார். மண் மாதிரிகளிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்களைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டே ஆய்வை நடத்தினர். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணில் இருந்த நுண்ணுயிர்தான் கடைசியில் பலன் தந்தது. நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கியே மருந்துக்கு நிஸ்டாடின் என்று பெயரிட்டார்கள். அதன் காப்புரிமையால் 130 லட்சம் டாலருக்கும் மேல் வருவாய் வந்தது. இருவரும் அதைத் தங்களுக்கென எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆய்வுக்கே விட்டுக்கொடுத்தனர். அறப்பணி செய்யும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

நிஸ்டாடினை விழுங்கினாலும் அது இரத்தத்தில் சேர்வதில்லை. ஆகவே வாய், குடல் ஆகிய இடங்களில் உள்ள பூஞ்சைக்கு மட்டும் பயன்படும். தோலில் உள்ள படைக்கு நிஸ்டாடின் மாத்திரை உதவாது.

கிரிஸியோஃபுல்வின்: பென்சிலின் போலவே இதுவும் ஒரு பூசணத்திலிருந்து கிடைத்தது. 1939-இல் பிரித்தெடுக்கப்பட்டாலும், 1958-இல் கினிப் பன்றிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் படையைக் குணப்படுத்திக் காட்டிய பிறகே மருத்துவத்தில் இடம்பிடித்தது. குழந்தைகளின் தலைப் படைக்கு இன்றும் எழுதித் தருகிறார்கள். புதிதாக வளரும் தோலிலும் முடியிலும் இது சேர்ந்து, பூஞ்சை அங்கே பரவாமல் காக்கிறது. பழைய தோலும் முடியும் உதிர்ந்து புதியது வரும்வரை, அதாவது பல வாரங்கள், விடாமல் சாப்பிட வேண்டும். 'நான்கு நாள் சாப்பிட்டோம், கேட்கவில்லை' என்று சொல்வது இந்த மருந்துக்குப் பொருந்தாது.

டெர்பினாஃபின்: பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 250 மி.கி., நாளுக்கு ஒன்று. படர்தாமரைக்கும் நகச்சொத்தைக்கும் முக்கிய மருந்து. கைவிரல் நகத்துக்கு 6 வாரம், கால்விரல் நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கம். கால் நகம் முழுவதும் புதிதாக வளர ஓராண்டுக்கு மேலும் ஆகும். மாத்திரை முடிந்த பின்னும் நகம் உடனே அழகாகத் தெரியாது. அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. மருந்து நகத்தில் பல வாரம் தங்கித் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் தேமலுக்கு இந்த மாத்திரை பயன் தராது. படையும் தேமலும் ஒன்றென நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இட்ராகோனசோல்: இது பெரும்பாலும் காப்ஸ்யூலாக வருகிறது. படை, தேமல், நகச்சொத்தை ஆகியவற்றுக்கும், உள்ளுறுப்புகளைத் தாக்கும் சில பூஞ்சைகளுக்கும் பயன்படுகிறது.

ஃப்ளூகோனசோல்: பெண்களின் பூஞ்சை வெள்ளைப்படுதலுக்கு 150 மி.கி. ஒரே ஒரு வேளை என்பது பலரும் அறிந்தது. வாய், தொண்டைப் புண்ணுக்கும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளை உறையில் வரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக் காய்ச்சலில் இது உயிர் காக்கும் மருந்து. அங்கே அளவும் காலமும் முற்றிலும் வேறு.

போசகோனசோல்: கருப்புப் பூஞ்சைக்கு முதலில் ஆம்போடெரிசின் ஊசியும் அறுவை சிகிச்சையும் தேவை. அதன் பின்னர் வீட்டில் தொடர்வதற்குத் தரப்படும் மாத்திரை இது. ஃப்ளூகோனசோல் கருப்புப் பூஞ்சையிடம் வேலை செய்யாது.

கீட்டோகோனசோல்: ஒரு காலத்தில் அதிகம் பயன்பட்டது. கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால் 2013-இல் அமெரிக்கா இம்மாத்திரைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பூஞ்சை நோய்க்கு இதை நிறுத்தும்படி ஐரோப்பிய மருந்து நிறுவனம் பரிந்துரைத்தது. ஷாம்பூவும் களிம்பும் வேறு, அவற்றுக்கு இந்த அச்சம் இல்லை. பழைய சீட்டை வைத்துக்கொண்டு இம்மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவதுதான் கூடாது.

3. தொழிற்சாலையில் ஒரு மாத்திரை பிறக்கும் விதம்

'250 மி.கி. மருந்து என்றால் ஏன் மாத்திரை அதைவிடப் பெரிதாக இருக்கிறது?' என்று ஒரு மாணவர் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. டெர்பினாஃபின் மாத்திரையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மருந்து தனி வடிவில் இல்லாமல் ஹைட்ரோகுளோரைடு உப்பாகச் சேர்க்கப்படுகிறது. 250 மி.கி. டெர்பினாஃபின் கிடைக்க 281.25 மி.கி. உப்பு வேண்டும். ஒரு லட்சம் மாத்திரைக்கு 28 கிலோ 125 கிராம் என்று கணக்கு வரும். அத்துடன் நிரப்புப் பொருளாக மைக்ரோ கிரிஸ்டலைன் செல்லுலோஸ் போன்றவை, துகள்களை ஒட்டவைக்கும் பசை, வயிற்றில் மாத்திரை உடைய உதவும் சிதைப்பான், இயந்திரத்தில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் ஆகியவை சேர்கின்றன. இவை மருந்தல்ல, ஆனாலும் இவை இல்லாமல் மாத்திரை இல்லை.

வேலை இவ்வாறு நடக்கிறது:

முதலில், வந்திறங்கிய மூலப்பொருள் ஒவ்வொன்றும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுத் தேறிய பிறகே எடை போடப்படும். ஒருவர் எடை போட, மற்றொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

இரண்டாவது, பொடிகளைச் சலித்துக் கலப்பார்கள். பிறகு பசைக் கரைசல் ஊற்றிப் பிசைவார்கள். புட்டுக்கு மாவு விரவுவது போன்ற பதம். கட்டியும் ஆகக் கூடாது, பொடியாகவும் நிற்கக் கூடாது. இதைக் குருணையாக்கல் என்கிறார்கள். வெறும் பொடியை அச்சில் கொட்டினால் சீராக இறங்காது, ஒரு மாத்திரையில் மருந்து கூடும், அடுத்ததில் குறையும். குருணையாக இருந்தால் அச்சுக்குள் ஒரே அளவாக விழும்.

மூன்றாவது, ஈரக் குருணையைச் சூடான காற்றில் உலர்த்துவார்கள். ஈரம் மிஞ்சினால் மாத்திரை அச்சில் ஒட்டும், நாளாக நாளாகக் கெடவும் கூடும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் மேல்மூடி போலப் பிளந்துவிடும்.

நான்காவது, உலர்ந்த குருணையை ஒரே அளவாக அரைத்து, சிதைப்பானும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் சேர்த்து மீண்டும் கலப்பார்கள். இந்தக் கடைசிக் கலவை நேரம் அளவோடு இருக்க வேண்டும். ஸ்டியரேட் கொழுப்புத் தன்மை உடையது. மிகையாகக் கலந்தால் ஒவ்வொரு துகள் மேலும் படலமாகப் படிந்து, மாத்திரை வயிற்றில் கரையாமல் நின்றுவிடும்.

ஐந்தாவது, சுழலும் அச்சு இயந்திரத்தில் மேலும் கீழும் அழுத்தி மாத்திரையாக்குவார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்த நேரத்துக்கு ஒருமுறை சிலவற்றை எடுத்து எடையும் தடிப்பும் உறுதியும் பார்ப்பார்கள்.

தரச் சோதனைகள்: மாத்திரைகளை ஓர் உருளையில் இட்டு 100 சுற்றுச் சுழற்றுவார்கள். உதிர்ந்த தூள் மொத்த எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 37 டிகிரி வெப்ப நீரில் இட்டுப் பார்ப்பார்கள். பூச்சில்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும். உடைந்தால் போதாது, அதிலுள்ள மருந்து குறித்த நேரத்தில் கரைந்து வெளிவர வேண்டும். அதற்குக் கரைதல் சோதனை என்று தனியே உண்டு. பின்னர் மருந்தின் அளவைக் கருவியில் அளப்பார்கள். கடைசியாக, 40 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் ஆறு மாதம் வைத்துத் தாங்குதிறனைப் பார்ப்பார்கள். சாதாரண வெப்பநிலையில் நீண்ட காலம் வைத்தும் பார்ப்பார்கள். அட்டையில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி இந்தச் சோதனைகளிலிருந்து வருவதுதான்.

இட்ராகோனசோலின் கதை வேறு: இந்த மருந்து தண்ணீரில் கரையவே கரையாது எனலாம். பொடியாகக் காப்ஸ்யூலில் அடைத்தால் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும். ஆகவே ஜவ்வரிசியை விடச் சிறிய சர்க்கரை உருண்டைகளை எடுத்து, மருந்தையும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பொருளையும் கரைப்பானில் கரைத்து, அவற்றின் மேல் மெல்லிய படலமாகத் தெளித்து உலர்த்துகிறார்கள். காப்ஸ்யூலைத் திறந்தால் குட்டி மணிகள் தெரிவது இதனால்தான். படலம் சீராக இருந்தால் மருந்து நன்கு சேரும். உருண்டை பெரிதாகி எண்ணிக்கை குறைந்தால், அட்டையில் 100 மி.கி. என்று போட்டிருந்தாலும் இரத்தத்தில் சேர்வது குறையக்கூடும். கிரிஸியோஃபுல்வினிலும் இதே சிக்கல்தான். துகளை மிக நுண்ணியதாக அரைத்த பிறகே அது நன்கு சேரத் தொடங்கியது.

இத்தனை நுணுக்கம் இருப்பதால் சட்டமும் உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உள்ள 'எம்' அட்டவணை, தொழிற்சாலை எவ்வாறு இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. 2023 டிசம்பரில் அது திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்துகளைத் தொகுதி தொகுதியாகச் சோதனைக்கு அனுப்பி, தேறியவற்றையே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. 'இலவச மாத்திரைதானே, அதில் என்ன இருக்கும்' என்று தூக்கி எறிவோர் இதை அறிய வேண்டும்.

4. விலையும் ஒரு நோய்தான்

நல்ல மருந்து இருந்தும் ஏழைக்கு எட்டாவிட்டால் என்ன பயன்? தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் பலர் கிரிப்டோகாக்கஸ் காய்ச்சலால் இறந்துகொண்டிருந்த காலம். ஃப்ளூகோனசோல் இருந்தது, காப்புரிமை காரணமாக அதன் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஜாக்கி அக்மட் என்பவர், 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' என்ற அமைப்பின் சார்பில் தாய்லாந்து சென்று, அங்கே தயாரான அதே மருந்தைப் பல மடங்கு குறைந்த விலையில் வாங்கித் தம் நாட்டுக்குள் கொண்டுவந்தார். சட்டத்தை மீறியே கொண்டுவந்தார், அதை அறிவித்துவிட்டே செய்தார். மருந்து ஒன்றுதான், விலை மட்டும்தான் வேறு என்பது உலகுக்குத் தெரிந்தது. காப்புரிமை நிறுவனமும் பின்னர் அந்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக வழங்க முன்வந்தது.

இன்று நம் நாட்டில் இம்மருந்துகள் பல நிறுவனங்களால் தயாராகின்றன. மக்கள் மருந்தகங்களில் வணிகப் பெயர் இல்லாமல் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மருத்துவரிடம் மூலப்பெயரில் எழுதித் தரும்படி பணிவுடன் கேட்கலாம், தவறில்லை.

5. எங்கள் தவறும் திருத்தமும்

எங்கள் மருத்துவ உதவி விதிப்படி, ஒரு மனுவுக்கு ஒரு வார மருந்துச் செலவு என்று வரையறை வைத்திருந்தோம். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது பொருந்தியது. படர்தாமரைக்கும் அதே விதியைப் பின்பற்றினோம்.

ஒரு சகோதரி, கணவர் வெளியூரில் கூலி வேலை, மூன்று குழந்தைகள். இடுப்பில் படை என்று வந்தார். மருத்துவர் நான்கு வார மாத்திரை எழுதியிருந்தார். நாங்கள் ஒரு வாரத்துக்குக் கொடுத்தோம். அரிப்பு நின்றது. மீதி மூன்று வாரத்துக்குக் கையில் பணமில்லை. ஒரு மாதத்தில் படை திரும்பியது, இம்முறை இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினார். உடனே குளிர்ந்தது. பின் தொடைவரை பரவி, தோல் மெலிந்து வரிவரியாகிவிட்டது. மறுபடி எங்களிடம் வந்தபோது அந்தக் களிம்புக் குழாயை மருத்துவரிடம் காட்டினோம். அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது.

ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிடும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அரைகுறை சிகிச்சையின் விளைவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. டெர்பினாஃபினுக்கு எளிதில் அடங்காத படைப் பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பெருகியிருக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2023-இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. மருந்து தாக்கும் இடத்தையே பூஞ்சை மாற்றிக்கொள்வதால் மாத்திரை பிடிபடாமல் போகிறது. முன்பு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தீர்ந்த படைக்கு இன்று மருத்துவர்கள் நீண்ட காலம் மருந்து எழுதுவதும், மருந்தை மாற்றி எழுதுவதும் இதனால்தான்.

அந்தச் சகோதரியின் துன்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை நிர்வாகக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டோம். விதியை மாற்றினோம். பூஞ்சை நோய்க்கு இனி மருத்துவர் எழுதிய முழுக் காலத்துக்கும் மருந்துச் செலவு வழங்கப்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலி அட்டையைக் கொண்டுவந்து அடுத்த பகுதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் பலருக்கு இருந்தால் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை. பத்துப் பேருக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட ஐந்து பேருக்கு முழுமையாகக் கொடுப்பது மேல் என்பதை அனுபவம் கற்றுத் தந்தது.

6. மாத்திரை சாப்பிடுவோர் கவனிக்க வேண்டியவை

1. இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வயிறு நிறைந்த உணவுக்குப் பின் உடனே சாப்பிட வேண்டும். வயிற்று அமிலம் இருந்தால்தான் அது கரையும். அசிடிட்டி மாத்திரை சாப்பிடுவோர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். கிரிஸியோஃபுல்வினுக்குக் கொழுப்புள்ள உணவு உகந்தது. ஃப்ளூகோனசோலுக்கு இந்த நிபந்தனை இல்லை.

2. கல்லீரல் நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீண்ட நாள் மருந்தென்றால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்பார். அதை வீண் செலவென்று தவிர்க்காதீர்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியின்மை, ஓயாத வாந்தி கண்டால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள்.

3. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இட்ராகோனசோல் ஆபத்தாகலாம். டெர்பினாஃபின் சிலருக்கு நாவின் சுவையை மாற்றும். பெரும்பாலும் நிறுத்திய பின் திரும்பிவிடும்.

4. வேறு மாத்திரைகளோடு மோதல் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர் ஃப்ளூகோனசோலும் சேர்த்தால் இரத்தக்கசிவு நேரலாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கக்கூடும். சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையோடு இட்ராகோனசோல் கூடாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பூஞ்சை மருந்தின் வலிமையைக் குறைக்கும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

5. கர்ப்பிணிகளும், கருத்தரிக்கத் திட்டமிடுவோரும், பாலூட்டும் தாய்மார்களும் தாமாக எந்தப் பூஞ்சை மாத்திரையும் சாப்பிடக் கூடாது.

6. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில் மட்டுமே தரவேண்டிய மருந்து. ரசீது கேட்டு வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசி மாத்திரைவரை வெட்டாமல் வையுங்கள்.

7. நம்மவர்கள் கேட்கும் சில கேள்விகள்

*நோன்பு நாட்களில் எப்படிச் சாப்பிடுவது?* நாளுக்கு ஒருமுறை என்றால் நோன்பு திறந்து உணவு உண்ட பின் எடுத்துக்கொள்ளலாம். இரு வேளை என்றால் ஸஹர் உணவோடும் இரவு உணவோடும் அமைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இட்ராகோனசோலைப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் அருந்தியவுடன் சாப்பிட வேண்டாம். முழு உணவுக்குப் பின்பே சாப்பிட வேண்டும்.

*காப்ஸ்யூலின் உறை எதனால் ஆனது?* பெரும்பாலும் ஜெலட்டின். அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து பெறப்படுவது. தாவர வகை உறையும் உண்டு. ஐயம் இருந்தால் மருந்தாளுநரிடம் கேட்டு, மாத்திரை வடிவிலுள்ள வேறு மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடமும், மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடமும் கேட்டுத் தெளியுங்கள். கேட்காமலேயே மருந்தைப் பாதியில் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

*ஒளூ செய்வதால் சேற்றுப்புண் வருமா?* தண்ணீரால் வருவதில்லை, ஈரம் நின்றுவிடுவதால் வருகிறது. கால்விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்திய பின் காலுறை அணியுங்கள். பள்ளிவாசலில் பலரும் துடைக்கும் பொதுத் துண்டைத் தவிர்த்து, ஆளுக்கொரு சிறு துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

*மாத்திரை மட்டும் போதுமா?* போதாது. உள்ளாடை, துண்டு, போர்வை ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து, சுடுநீரில் துவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். இறுக்கமான ஆடையைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்கத்தால் மறைப்பவர்களே இந்நோயைப் பரப்புகிறார்கள். குறிப்பாகப் பெண்கள் உள்ளிடத்துப் படையைச் சொல்லக் கூசி மாதக்கணக்கில் சுமக்கிறார்கள். எங்கள் மருத்துவ உதவிப் பிரிவில் பெண்களின் மனுக்களைப் பெண் தொண்டரே பெற்றுக்கொள்கிறார். தயங்காமல் வாருங்கள்.

நினைவில் நிறுத்த: படை குறைந்தது என்பது வேறு, தீர்ந்தது என்பது வேறு. எத்தனை நாள் என்று மருத்துவர் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுங்கள். கடைக்காரர் தரும் களிம்பை மறுத்துவிடுங்கள். ஒரு மாத்திரை உங்கள் கைக்கு வருமுன் எத்தனை பேர் எடை பார்த்து, கலந்து, உலர்த்தி, அழுத்தி, சோதித்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதை மேலே பார்த்தோம். அவ்வளவு உழைப்பையும் பாதி அட்டையோடு அலமாரியில் போட்டுவிட வேண்டாம்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றிப் பார்ப்போம்.